கோலாரில் வேலை பார்த்தவருக்குப் பல்லாரட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

மெல்பனில் வசிக்கும் தாங்கள், ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் 7, 11 வயதுப் பிள்ளைகளையும் பழைய தங்கச் சுரங்க ஊரான பல்லாரட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குள்ள சாவரின் ஹில் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் ஒரு ‘சினிமா செட்’தான், ஒரு நாளை வீணடிக்க வேண்டாம் என்று நண்பர்கள் சொன்னதையும், அங்கே உண்மையிலேயே தங்கம் கிடைக்குமா என்று பிள்ளைகள் நச்சரிப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியின் கடைசியில், தங்கள் தந்தையார் முப்பது ஆண்டுகள் கோலார் தங்கவயலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உள்ளவர் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தாங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: பாறைக்குள் இறங்கி உழைத்த ஒருவரைச் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய ஓர் ஊருக்கு அழைத்துப் போனால், அதில் அவர் மனம் ஒட்டுமா, அல்லது அவர் செய்த தொழிலை விளையாட்டாக்கிக் காட்டுவதாக அவருக்குப் படுமா?

நான் நிலவியல் படித்தவன். விக்டோரியாவின் தங்க வயல்களில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தங்கம் தேடும் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். பல்லாரட்டுக்கு உறவினர்களையும் நண்பர்களையும் எத்தனை முறை அழைத்துப் போயிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த ஊரின் மண்ணையும் பாறையையும் பற்றி நான் சொல்வதைத் தாங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம். வரலாறு நான் படித்தும் நடந்தும் தெரிந்துகொண்டது. அதில் உறுதியானது எது, அறிஞர்களிடையே இன்னும் விவாதத்தில் இருப்பது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். நுழைவுக் கட்டணம், திறந்திருக்கும் நாள், நேரம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. அவற்றைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் அந்தந்த இடத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவரின் ஹில் ஒரு மறுகட்டுமானம் என்பதில் ஐயமில்லை. 1850களின் பல்லாரட் எப்படி இருந்தது என்பதைப் பழைய படங்களையும் ஆவணங்களையும் வைத்துத் திரும்பக் கட்டி, 1970ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தார்கள். அங்குள்ள தபால் நிலையமோ மளிகைக் கடையோ தங்க வேட்டைக் காலத்திலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருப்பவை அல்ல. அந்த அளவில் தங்கள் நண்பர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தக் கட்டடங்கள் நிற்கும் நிலம் உண்மையிலேயே தங்கம் தோண்டப்பட்ட நிலம். உள்ளே ஓடும் நீராவி இயந்திரங்கள் கொதிகலனில் நீர் கொதித்துத்தான் ஓடுகின்றன. வண்டிச் சக்கரம் செய்பவர் மரத்தை வளைத்து இரும்புப் பட்டை பூட்டி முழுச் சக்கரம் செய்து முடிக்கிறார். அதைவிட முக்கியமாக, அந்த வேலிக்கு வெளியே ஓர் உண்மையான தங்க ஊர், கல்லும் சுண்ணமுமாக, இன்றும் மக்கள் வாழும் ஊராக நிற்கிறது. அதில் கால் வைக்காமலேயே பலர் மெல்பன் திரும்பிவிடுகிறார்கள். வேலிக்கு உள்ளே வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த வேலையால் என்ன விளைந்தது என்பது வெளியேதான் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் பல்லாரட்டைப் பார்த்ததாகும் என்பது என் உறுதியான கருத்து.

தந்தையாருக்குப் பல்லாரட்டைப் புரியவைக்க ஒரே ஒரு செய்தி போதும்: அங்கே தங்கம் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது. தங்கம் முதலில் பழைய படிவப் பாறைகளுக்கு இடையே ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளில் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் காற்றும் அந்தப் பாறைகளை அரித்துத் தேய்த்தன. உதிர்ந்த தங்கம் அன்றைய ஆறுகளின் அடிச்சரளையில் போய்த் தங்கியது. பின்னர் அந்த ஆறுகளைக் களிமண்ணும் மணலும் மூடின. மேற்குப் பக்கத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்து கரும்பாறையாக மேலே படிந்தது. ஆகவே பல்லாரட்டின் பெருஞ்செல்வம் கண்ணுக்குத் தெரியும் ஓடையில் இல்லை. காலுக்கடியில் புதைந்துபோன ஆற்றில் இருந்தது. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கே தங்கம் கண்டபோது முதலில் வந்தவர்கள் மேல்மண்ணிலேயே அள்ளினார்கள். அது தீர்ந்ததும் ஆழம் போக வேண்டியதாயிற்று. 1854 வாக்கில் பல்லாரட்டின் யுரேகா என்ற பகுதியில் நூறு, நூற்றைம்பது அடி தோண்டினால்தான் அந்தப் பழைய ஆற்றின் அடியைத் தொட முடியும் என்ற நிலை வந்துவிட்டது.

இதை அவர்கள் வெறுங்கையால் செய்தார்கள் என்பதைத் தந்தையார் நின்று நிதானித்துப் பார்ப்பார். கிணறு வெட்டுவதுபோல ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய குழி; மண் சரியாமல் இருக்கப் பிளந்த மரப் பலகைகளைச் சுற்றிலும் அடுக்குவார்கள்; மேலே கையால் சுற்றும் ராட்டினமும் கயிறும் வாளியும் இருக்கும். காற்றுக்காகக் கித்தான் துணியைப் பாய்மரம்போல விரித்து, அதன் வாலைக் குழிக்குள் தொங்கவிட்டு, மேலே வீசும் காற்றைக் கீழே இறக்கினார்கள். எட்டுப் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து பல மாதங்கள் இப்படித் தோண்டி, கடைசியில் புதைந்த ஆற்றுக்கு இரண்டு கஜம் தள்ளி இறங்கிவிட்டால், கையில் ஒன்றும் மிஞ்சாது. கோலாரில் 1880இலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் முதலீடு போட, வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் போன நம் மக்கள் கூலிக்கு இறங்கினார்கள். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூலி உண்டு, தங்கத்தில் பங்கு இல்லை. 1850களின் பல்லாரட்டில் தோண்டியவனே குழிக்குச் சொந்தக்காரன். கிடைத்தால் அவனுக்கு, கிடைக்காவிட்டால் பட்டினி. தந்தையாருக்குப் புதிதாக இருக்கப்போவது இந்த வேறுபாடுதான்.

இந்த ஆழத்திலிருந்துதான், தோண்டுநர்கள் அரசை எதிர்த்து எழுந்த யுரேகாக் கிளர்ச்சியும் பிறந்தது. தங்கம் தோண்ட மாதாமாதம் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும்; தொடக்கத்தில் 30 ஷில்லிங்காக இருந்தது, 1853இன் இறுதியில் ஒரு பவுண்டாகக் குறைந்தது. தங்கம் கிடைத்ததா என்பதைப் பற்றி அரசுக்குக் கவலை இல்லை. மேல்மண்ணில் ஒரு வாரத்தில் பொன் அள்ளியவனுக்கு அது பெரிய தொகையாகத் தெரிந்திருக்காது. ஆறு மாதமாகக் காசு பார்க்காமல் குழிக்குள் இருப்பவனுக்கோ அது கழுத்தை நெரிக்கும் வரி. 1854இல் விக்டோரியாவின் ஆளுநர் ஹோதம் உரிமச் சோதனையை வாரம் இருமுறை நடத்தச் சொன்னார். நூறடி ஆழத்தில் நீரில் நின்று வேலை செய்பவன், ஒரு காகிதத்தைக் காட்டுவதற்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறி வர வேண்டும். ஈரத்துக்குப் பயந்து காகிதத்தைக் கூடாரத்தில் வைத்துவிட்டு வந்திருந்தால் கைது. அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஜேம்ஸ் ஸ்கோபி என்ற தோண்டுநர் கொல்லப்பட்டு, அதற்குக் காரணமானவர் என்று மக்கள் கருதிய விடுதிக்காரர் விடுவிக்கப்பட்டபோது, கூட்டம் அந்த விடுதியைக் கொளுத்தியது. நவம்பர் 30ஆம் தேதி பேக்கரி ஹில் என்ற மேட்டில் தென்சிலுவை விண்மீன்கள் பதித்த கொடி ஏற்றி, பீட்டர் லாலோர் என்ற அயர்லாந்துக்காரர் தலைமையில் உறுதிமொழி எடுத்தார்கள். டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் ஏறக்குறைய 280 படையினரும் காவலரும் அவர்கள் எழுப்பியிருந்த மரத்தடுப்பைத் தாக்கினார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இதுவரை சொன்னவற்றில் ஐயம் இல்லை. இறந்தவர் எத்தனை பேர் என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. தோண்டுநர்களில் 22 பேர் என்பது லாலோர் பின்னர் வெளியிட்ட பட்டியலை ஒட்டி வழங்குவது. காயத்தோடு தப்பி ஓடி வேறெங்கோ இறந்தவர்கள் அதில் சேரவில்லை என்று கருதுவோர் உண்டு. தடுப்பு சரியாக எந்த இடத்தில் நின்றது என்பதும் இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. நினைவுச்சின்னம் நிற்கும் இடத்தை ‘ஏறக்குறைய இங்கே’ என்றே கொள்ள வேண்டும். கொடியை மூன்று பெண்கள் தைத்தார்கள் என்பது செவிவழிச் செய்தி, ஆவணச் சான்று வலுவாக இல்லை. ‘ஆஸ்திரேலிய மக்களாட்சி பிறந்த இடம்’ என்று பல்லாரட்டைச் சொல்லும் வாசகத்தையும் தாங்கள் காண்பீர்கள். கிளர்ச்சிக்குப் பின் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் நடுவர் குழுக்கள் விடுவித்தன. 1855இல் மாத உரிமத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டினால் போதும் என்ற ஏற்பாடு வந்தது. கையை இழந்த லாலோரே சட்டமன்றம் சென்று பிற்காலத்தில் அதன் சபாநாயகரானார். இவை நேரடி விளைவுகள். 1856இல் வந்த இரகசிய வாக்கெடுப்பும் 1857இல் ஆண்கள் அனைவருக்கும் கிடைத்த வாக்குரிமையும் யுரேகாவால் மட்டும் வந்தவை என்று சொல்ல நான் தயங்குவேன். அவற்றுக்கான முயற்சிகள் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன.

அந்தக் கொடியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். சாவரின் ஹில்லிலிருந்து காரில் சில நிமிடத் தொலைவில் உள்ள யுரேகா மையத்தில், மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அது இருக்கிறது. மறுபதிப்பு அல்ல, அன்று கம்பத்திலிருந்து இறக்கப்பட்ட அதே துணி. கம்பளி கலந்த நீலத் துணியின்மேல் வெள்ளைச் சிலுவையும் ஐந்து விண்மீன்களும் கையால் தைக்கப்பட்டிருக்கின்றன. கொடியைக் கைப்பற்றிய காவலர் ஜான் கிங்கின் குடும்பத்தார் அதை நாற்பது ஆண்டுகள் வைத்திருந்து 1895இல் ஊரின் ஓவியக் கூடத்துக்குக் கொடுத்தார்கள். இடையிலும் பின்னரும் நினைவுப் பொருளாக ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டதில் கொடியின் பறக்கும் ஓரம் பெருமளவு போய்விட்டது. 4 மீட்டர் நீளம் இருந்திருக்க வேண்டியது இன்று 3.24 மீட்டர்தான். கிட்டே போய்ப் பார்த்தால் தையல் நூலின் போக்குத் தெரியும். ஒரு விண்மீனின் முனை மற்றொன்றின் முனையைப்போல இல்லை, அவசரத்தில் கத்தரித்தது கண்ணுக்குப் புலப்படும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைக் காரிலேயே சொல்லி முடித்துவிட்டு உள்ளே அழைத்துப் போனால், அந்த அறையில் தானாகவே குரல் தாழ்த்திப் பேசும்.

இனி, தங்கம் கிடைக்குமா என்ற கேள்வி. கிடைக்கும். சாவரின் ஹில்லின் நடுவே ஓடும் ஓடையில், நுழைவுச் சீட்டிலேயே அடங்கிய வாய்ப்பாக, அவர்கள் தரும் தட்டில் யாரும் மண்ணை அரித்துப் பார்க்கலாம், கிடைத்தது கிடைத்தவருக்கே. அந்த ஓடையில் தங்கத் துகள்களை அவர்களே அவ்வப்போது போட்டு வைக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. துகள் உண்மையான தங்கம், அதைப் பிரித்தெடுக்கும் திறமையும் உண்மையானது. தங்கம் நீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமானது, சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். தட்டில் சரளையை அள்ளி, நீருக்குள் முழுக்க அமிழ்த்தி, பக்கவாட்டில் நன்றாகக் குலுக்கினால் தங்கம் அடியில் இறங்கிவிடும். பிறகு தட்டைச் சாய்த்து, மேலே உள்ள மண்ணைச் சிறிது சிறிதாக நீரோடு வழியவிட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அவசரப்பட்டு, குலுக்குவதற்கு முன்பே சாய்த்துவிடுவார்கள். தங்கமும் சேர்ந்து போய்விடும்.

இதைத் தங்கள் தாயாரிடம் விளக்கவே வேண்டாம். நம் வீடுகளில் அரிக்கஞ்சட்டியில் அரிசி அரித்தவர்களுக்கு இந்த வேலை கையிலேயே இருக்கிறது: சட்டியின் உட்புற வரிகளில் கல் தங்க, நீரோடு அரிசி மெல்ல வெளியே வழியும். தங்கம் அரிக்கும் தட்டின் ஓரத்திலும் அதே போன்ற வரிகள் உண்டு. அங்கே கல்லை ஒதுக்கி அரிசியை எடுப்போம், இங்கே மணலை ஒதுக்கிக் கல்லைவிடக் கனமானதை எடுக்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. என் அத்தை ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து பணியாளர் காட்டிய முறையை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, தன் வழியில் தட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினார். மூன்றாவது தட்டில், கரிய மணலின் ஓரத்தில், கடுகில் கால்பங்கு அளவில் ஒரு மஞ்சள் புள்ளி ஒட்டிக்கொண்டு நின்றது. பளபளப்பதெல்லாம் தங்கம் அல்ல என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: தட்டின்மேல் கையால் நிழல் விழச் செய்யுங்கள். காக்காப்பொன் நிழலில் மங்கிவிடும், திருப்பினால் மின்னும், மறுபடி திருப்பினால் மறையும். தங்கம் நிழலிலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மஞ்சளாக இருக்கும். ஈரமான விரல் நுனியால் தொட்டு எடுத்து, நீர் நிரப்பிய சிறு குப்பியில் போட்டுக்கொள்ளலாம், அங்கேயே விற்கிறார்கள்.

சுரங்கச் சுற்றுலாவில், ‘வெல்கம் நகட்’ என்ற தங்கப் பாளத்தின் கதையைக் காட்டும் பகுதி இருக்கிறது. 1858 ஜூன் 9ஆம் தேதி, பேக்கரி ஹில்லில், ஏறக்குறைய 180 அடி ஆழத்தில், கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் குழுவொன்று அதைக் கண்டெடுத்தது. எடை 2,217 டிராய் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 69 கிலோ. இதை நம் கணக்கில் சொன்னால் 8,600 சவரனுக்கு மேல். ‘சவரன்’ என்று நாம் சொல்வதே பிரிட்டனின் ‘சாவரின்’ தங்க நாணயத்தின் பெயர்தான். அந்த நாணயம் 8 கிராமுக்குச் சற்றே குறைவு என்பதால் நம் ஊரில் 8 கிராமுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அந்தப் பாளமும் அடுத்த ஆண்டு லண்டனில் உருக்கப்பட்டுச் சாவரின் நாணயங்களாகிப் போயிற்று. இன்று அதன் அச்சுருவை மட்டுமே பார்க்க முடியும். தங்கம் உருக்கி வார்க்கும் காட்சி ஒன்றும் நாள்தோறும் நடக்கிறது. ஏறக்குறைய 3 கிலோ தங்கம் திரவமாக ஒளிர்ந்து அச்சில் விழுவதைப் பெரியவர், சிறியவர் எல்லாரும் வாய் திறந்து பார்ப்பார்கள்.

கார்ன்வால் என்ற பெயரைத் தந்தையார் அறிவார். கோலாரின் தொடக்க காலத்தில் சுரங்கத் தலைவர்களாக வந்தவர்களும் அதே கார்ன்வால் மண்ணின் மக்களே. ஆகவே இங்கே அவர் காணும் கருவிகளில் பல அவர் அறிந்தவற்றின் முன்னோர்களாக இருக்கும். குறிப்பாக, நீராவியில் இயங்கும் ஸ்டாம்ப் மில். இரும்பு உலக்கைகள் வரிசையாக மேலெழுந்து விழுந்து குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கும் அந்த ஓசை தரையின் வழியே காலுக்கு ஏறும். கோலாரில் வேலை செய்த முதியவர் ஒருவரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். பிறகு, “சின்ன வயசுல இந்தச் சத்தம் இல்லன்னா எங்களுக்குத் தூக்கம் வராது தம்பி” என்றார். இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பணியாளரிடம் அவர் எங்கே வேலை பார்த்தவர் என்று சொன்னேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வெப்பம் எப்படி இருக்கும், ஆளை இறக்கும் கூண்டான கேஜ் இறங்க எவ்வளவு நேரம் ஆகும், பாறை வெடிப்பு வருவதை எப்படி அறிவீர்கள் என்று கேட்கத் தொடங்கி, அரை மணி நேரம் விடவில்லை. தங்கள் தந்தையார் கூச்சப்பட்டால், தாங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். அவரை ‘செட்’ பார்க்க வந்த பயணியாக யாரும் நடத்தமாட்டார்கள்.

சுரங்கச் சுற்றுலாவில் சில பகுதிகளுக்குப் படி இறங்க வேண்டும், சிலவற்றுக்குச் சரிவில் இறங்கும் வண்டி உண்டு. முழங்கால் வலியை நுழைவாயிலிலேயே சொல்லி, எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலேயும் சரிவான சரளைத் தெருக்கள்தான்.

அங்கே சீனர் குடியிருப்பை நினைவூட்டும் கூடாரங்கள் ஒரு மூலையில் இருக்கின்றன. கூட்டம் அதிகம் நிற்பதில்லை, தாங்கள் நில்லுங்கள். 1855இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி விதித்தது. அதைத் தவிர்க்க அவர்கள் அடுத்த மாகாணமான தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். அப்படி நடந்து வந்த ஒரு குழு 1857இல் வழியில் கண்ட தங்கத்தால்தான் அராரட் என்ற ஊர் வளர்ந்தது. இவர்கள் எல்லாருக்கும் முன்பே இந்த நிலம் வதவுருங் மக்களுடையது. பல்லாரட் என்ற பெயரே அவர்கள் மொழியில் தங்கி இளைப்பாறும் இடம் என்று பொருள்படுவதாகச் சொல்வார்கள். தங்க வேட்டைக்காரர்களுக்குக் குளிர் தாங்க போசம் என்ற மரவாழ் விலங்கின் தோல் போர்வைகளை விற்றவர்கள் அவர்களே. 1851இல் 77,000 ஆக இருந்த விக்டோரியாவின் குடியேற்ற மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 5 லட்சத்து 40 ஆயிரமானது என்றால், அந்த வெள்ளத்தில் அவர்கள் நிலமும் நீரும் என்னவாயிருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது பெற்றோராகிய நம் கடமை. அங்குள்ள காட்சிகளில் அதற்குக் கிடைக்கும் இடம் போதாது என்பது என் எண்ணம்.

பிற்பகலில் ஊருக்குள் வாருங்கள். இங்கேயும் நிலத்தைப் பார்த்தால் வரலாறு தெரியும். கிழக்கே தாழ்வில் உள்ள மெயின் ரோடு வளைந்து வளைந்து போகும். குழிகளுக்கு நடுவே மக்கள் நடந்த தடமே தெருவானது. அங்கிருந்து மேற்கே சட்டென்று ஒரு மேடு ஏறும். அதுதான் பழைய ஆறுகளை மூடிய எரிமலைப் பாறையின் விளிம்பு. அந்த மேட்டின்மேல் அரசு அளந்து போட்ட தெருக்கள் நேர்கோடாக, அகலமாக இருக்கும். ஸ்டர்ட் தெருவின் அகலம் 60 மீட்டர். மேட்டு விளிம்பில், குழிகள் அனைத்தையும் கீழே பார்க்கும் இடத்தில்தான் அரசு முகாம் இருந்தது. கேம்ப் தெரு என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அங்கே நின்று கிழக்கே பாருங்கள். யார் மேலே இருந்தார்கள், யார் கீழே இருந்தார்கள் என்பது பார்வையிலேயே விளங்கும். அருகிலேயே லிடியார்ட் தெரு: 1862இல் ரயில் வந்த நிலையம், 1880களின் இறுதியில் கட்டிய சுரங்கப் பங்குச் சந்தைக் கட்டடம், 1875இல் திறந்து இன்றும் நாடகம் நடக்கும் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டர், ஓவியக் கூடம். கையால் தோண்டிய காலம் முடிந்து, எரிமலைப் பாறையைத் துளைக்க மூலதனமும் நீராவியும் தேவைப்பட்ட காலத்தின் பணம் இந்தக் கட்டடங்களில் நிற்கிறது. தெருவின் தென்கோடியில் 1870இல் தொடங்கிய சுரங்கவியல் பள்ளியின் கட்டடங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் அவ்வகையில் முதலாவது அதுவே. என் தொழிலுக்குப் பாடம் சொன்ன இடம் என்ற முறையில் அந்த வாசலில் நான் எப்போதும் சற்று நிற்பேன்.

தந்தையாரோடு பேசிக்கொண்டு நடக்கும்போது ஒரு செய்தியைச் சொல்லலாம். விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரௌ ஸ்மித் என்பவர் 1879இல் இந்தியா வந்து, நம் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பகுதியின் தங்கத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி லண்டனில் பங்குகள் விற்றுப் பல நிறுவனங்கள் கிளம்பின. சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி கவிழ்ந்தது. கோலாரில் 1870களில் தங்கம் தேட முதலில் உரிமம் வாங்கிய லவெல் என்பவரும் நியூசிலாந்தின் தங்க வயல்களில் அனுபவம் பெற்றவரே. பல்லாரட் காலத்தின் தங்கத் தேடல் நம் மலைகள்வரை நீண்டதற்கு இவை போதிய சான்று.

நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். மெல்பனிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். காரிலும், சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலிலும் ஒன்றரை மணி நேரம். முழங்கால் வலியையும் மூன்று இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் எண்ணிப் பார்த்தால் கார் நல்லது. சாவரின் ஹில் திறக்கும் நேரத்துக்கே போய், கூட்டம் சேரும் முன் ஓடையை முடித்துவிட்டு, பிறகு சுரங்கம், ஸ்டாம்ப் மில், தங்க வார்ப்பு என்று பாருங்கள். குளிர்கால விடுமுறையில் செயற்கைப் பனியும் மாலை ஒளிக்காட்சியும் வைப்பதால் கூட்டம் மிகும்; சிறிய பிள்ளை அதற்காகவே அங்கே இருக்க விரும்பும். அதற்காகக் கொடியைக் கைவிடாதீர்கள். வேண்டுமானால் யுரேகா மையத்துக்கு நண்பகலிலேயே போய்வரலாமா, திரும்ப உள்ளே விடுவார்களா என்று வாயிலில் கேளுங்கள். ஓடை நீர் ஜூலையில் பனிக்கட்டிபோல இருக்கும். பல்லாரட் 435 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மெல்பனைவிடக் குளிர் கூடுதல், காற்றும் மிகுதி. தாயாருக்கு இரண்டு ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, ஈரக் கையைத் துடைக்கத் துண்டு ஆகியவை கட்டாயம். உணவுக்குச் சைவம் தேடி அலைய வேண்டாம் என்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் வெண்டூரி ஏரிக்கரையில் காருக்குள் அமர்ந்தே சாப்பிடலாம்.

தந்தையார் இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால், இன்னொரு நாள் ஒதுக்கி பெண்டிகோவின் சென்ட்ரல் டெபோரா சுரங்கத்துக்குப் போங்கள். 1939 முதல் 1954 வரை உண்மையாகவே இயங்கிய சுரங்கம் அது. கேஜில் ஏற்றி 61 மீட்டர் கீழே இறக்குவார்கள். கேஜ் கதவு மூடும் ஓசையை அவர் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு கேட்பார். அந்தச் சுற்றுலாவுக்கு மட்டும் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போதே முழங்காலைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.